ஏழாம் அத்தியாயம்: குளிரிலும் வேர்க்கும் கை

புதன்கிழமை அந்திதோறும் செராஸ் தாமான் கோனாட்டில் கூடுகிற பசார் மாலாமில், இரண்டு கிலோமீட்டர் நீளம் போகும் அந்தக் கடைவரிசையின் நடுவே, அப்பாம் பாலிக் கல்லின் அனலும் பொரிக்கும் எண்ணெயின் ஆவியும் ஜனநெருக்கத்தின் வெக்கையும் ஒருசேரத் தாக்க, சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள நடந்துபோகிற கூட்டத்தில் எவனாவது ஒருவன் தனக்கு மட்டும் அதிகமாக வேர்க்கிறதென்று முறையிட்டால், கேட்பவர் சிரிக்கத்தான் செய்வார். பகல் வெப்பம் 32, 33 பாகையிலும் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியும் ஆண்டு முழுவதும் நிற்கிற கோலாலம்பூரில் வேர்ப்பது குறையுமன்று, குற்றமுமன்று. அது சரீர தர்மம். ஆகையினாலேயே மிகைவேர்வை என்னும் வியாதி, குளிர்தேசங்களில் வெளிப்படுவதுபோல் இவ்வூரில் எளிதில் வெளிப்படாமல், எல்லாருடைய வேர்வைக்குள்ளும் புகுந்து ஒளிந்துகொள்கிறது.

என் தமக்கை மகன் ஒருவன், இருபத்திரண்டு வயது, அந்தச் சந்தையைப்போல் தனக்கு நிம்மதி தருகிற இடம் வேறில்லை என்று ஒருநாள் சொன்னான். “அங்க எல்லாருக்கும் வேர்க்குது மாமா. என்னைய யாரும் தனியா பாக்கறதில்ல.” சற்று நேரத்துக்கெல்லாம் நாங்கள் எம்.ஆர்.டி. நிலையத்துக்கு வந்து வண்டியேறினோம். இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் குளிர்க்காற்றில் என் சட்டை உலர்ந்துவிட்டது. எதிரில் நின்றவர்களின் நெற்றியும் உலர்ந்துவிட்டது. அவன் உள்ளங்கையிலோ ரேகை தோறும் மணிமணியாக நீர் கோத்து, மணிக்கட்டு வழியாக இறங்கி, கைப்பேசிக் கண்ணாடியின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. இந்த அத்தியாயத்தைப் படிப்பவர்கள் முதலில் மனத்தில் கொள்ளவேண்டிய அடையாளம் அதுதான்: வெயிலில் வேர்ப்பதை வைத்து இந்த உபாதையை அளக்கலாகாது, குளிர் அறையில், சும்மா உட்கார்ந்திருக்கையில், காரணமின்றி வேர்க்கிறதா என்பதைக் கொண்டே அளக்கவேண்டும்.

இன்னொரு சம்பவமும் சொல்லிவிடுகிறேன். மைகாட் என்னும் அடையாள அட்டை 2001இல் வந்தது முதலாகக் கட்டைவிரல் ரேகை நம் நாட்டில் கையெழுத்துக்குச் சமானமாகிவிட்டது. பேங்கில் கணக்குத் திறக்கவும், இன்னும் பல காரியங்களுக்கும் அந்தச் சின்னஞ்சிறு கண்ணாடியின்மேல் விரலை வைத்தே ஆகவேண்டும். ஈரவிரலை அந்த இயந்திரம் ஏற்பதில்லை. ஒரு பேங்கின் முகப்பில் அதே தமக்கை மகன் நாலாவது முறை விரல் வைத்தும் சிவப்பு விளக்கே எரிய, உள்ளே இருந்த தமிழ்ப் பெண் தணிந்த குரலில், “தம்பி, வெரல நல்லா தொடச்சிட்டு வைங்க” என்றாள். “தொடச்சிட்டுத்தான் வெச்சேங்கக்கா” என்றான் இவன். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். “வேற நாளைக்கு வர்றேங்கக்கா” என்று சொல்லிவிட்டு வந்தவன், பின் அந்தப் பக்கமே போகவில்லை. வாழ்க்கைத்தரம் என்று மருத்துவ நூல்கள் பெரிய வார்த்தையில் சொல்லுவது, நடைமுறையில், இப்படி ஒருவன் போகாமல் விட்ட இடங்களின் கணக்கே என்பது என் அபிப்பிராயம்.

நம் தோலில் 20 லட்சம் முதல் 40 லட்சம் வரை வேர்வைச் சுரப்பிகள் உண்டு. அவை மிக நெருக்கமாக அமைந்திருப்பது உள்ளங்கை, உள்ளங்கால் போன்ற இடங்களில். பரிவு நரம்புகள் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைத் தூதாக அனுப்ப, சுரப்பி நீர் விடுகிறது. அந்நீர் ஆவியாகும்போது உடற்சூட்டை எடுத்துப்போகிறது. மிகைவேர்வைக்காரரின் சுரப்பிகள் எண்ணிக்கையிலும் அளவிலும் மற்றவருடையவற்றைப் போன்றவையே. மிகுதியாயிருப்பது நரம்பின் ஏவல் மட்டும். உள்ளங்கையும் உள்ளங்காலும் வெப்பத்தைக் காட்டிலும் மன அசைவுக்கே விரைந்து நீர் விடுகின்றன. மனத்தால் வேர்ப்பது நம்மவர்க்குப் புதிதன்று: மனம் நெகிழ்ந்த தலைவியின் நெற்றி வேர்ப்பதைத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் காதலின் தொடக்கக் குறிகளுள் ஒன்றாக எண்ணியிருக்கிறது, நாட்டிய சாஸ்திரமோ ஸ்வேதத்தை எட்டுச் சாத்விக பாவங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. ஆயினும் இதிலிருந்து, வேர்ப்பவனெல்லாம் பயந்தாங்கொள்ளி என்று முடிவுகட்டுவது பெரும் பிழை. கை வேர்ப்பதால் லஜ்ஜை வருகிறது, லஜ்ஜையால் இன்னும் வேர்க்கிறது. சக்கரம் சுழலுவது மெய்தான், ஆனால் அதை முதலில் உருட்டிவிடுவது நரம்பின் சுபாவமே. “தைரியமா இருடா” என்கிற உபதேசத்தால் எந்தக் கையும் உலர்ந்ததாக நான் கண்டதில்லை.

மருத்துவர்கள் இதை ஹைபர்ஹைட்ரோசிஸ் என்பார்கள். வேறு வியாதி எதுவுமின்றித் தானே தோன்றுவது முதல்வகை. அது பெரும்பாலும் 25 வயதுக்குள், பள்ளிப் பருவத்திலேயே தொடங்கும். இரண்டு கையிலும் அல்லது இரண்டு அக்குளிலும் ஒரே சீராக இருக்கும். வாரத்துக்கு ஒருமுறையேனும் தாக்கும். குடும்பத்தில் தாய்க்கோ மாமனுக்கோ இருந்திருக்கும். விசேஷமாக, தூக்கத்தில் நின்றுவிடும். ஆறு மாதத்துக்கு மேலாக இப்படி இருந்து, அன்றாடக் காரியத்துக்கும் இடையூறானால் ஐயப்பட அதிகமில்லை.

மற்றது, வேறு வியாதியின் நிழலாக வருவது. நாற்பது வயதுக்கு மேல் புதிதாக உடம்பு முழுதும் வேர்க்கத் தொடங்கினாலும், ஒரு பக்கம் மட்டும் வேர்த்தாலும், இரவில் படுக்கை நனைந்து அத்துடன் எடை இறங்கிக் காய்ச்சலும் இருமலும் இருந்தாலும், அது இந்த அத்தியாயத்தின் விஷயமன்று. தைராய்டு, காசம், மாதவிடாய் நிற்கும் பருவம், மனச்சோர்வுக்கு உட்கொள்ளும் சில மாத்திரைகள், அரிதாக நிணநீர்ப் புற்று என்று காரணங்கள் பலவாதலால் உடனே பரிசோதனை வேண்டும். நம் சமூகத்தவர் தனியே கவனிக்கவேண்டிய ஒன்றுண்டு. 2019ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வு ஆய்வில் மலேசியர்களுள் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்றால், இந்தியர்களுள் அது 31.4 விழுக்காடு. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவருக்குத் திடீரென்று சில்லென்ற வேர்வையும் நடுக்கமும் வந்தால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று கொண்டு முதலில் இனிப்பு எதையாவது கொடுக்கவேண்டும். நெஞ்சு இறுக்கத்தோடு வேர்த்தால் 999ஐ அழைக்கவேண்டும். ‘சூடு ஏறிவிட்டது’ என்று இளநீர் வாங்கக் கிளம்புகிற நேரமன்று அது.

இனி, எவ்வளவு உபத்திரவம் என்பதை எப்படி அளப்பது? வேர்வையின் எடையை வடிதாள் வைத்து நிறுப்பதும், அயோடின் தடவி மாவு தூவி நீலக்கறுப்பாக மாறும் இடத்தைப் பார்ப்பதும் உண்டெனினும், மருத்துவர் அதிகமாகக் கேட்பது நாலு படிகள் கொண்ட ஒரே கேள்வி. வேர்வை என் கவனத்துக்கே வருவதில்லை, காரியத்தைத் தடுப்பதில்லை என்றால் ஒன்று. பொறுக்கலாம், சிற்சில சமயம் தடுக்கிறது என்றால் இரண்டு. பொறுப்பது கஷ்டம், அடிக்கடி தடுக்கிறது என்றால் மூன்று. பொறுக்கவே முடியாது, எப்போதும் தடுக்கிறது என்றால் நாலு. மூன்றும் நாலும் கடுமையானவை. இங்கிலாந்தின் அயல்நாடாகிய வேல்ஸில், கார்டிஃப் நகரத்துத் தோல் மருத்துவர்கள் 1994இல் வெளியிட்ட பத்துக் கேள்விகள் கொண்ட வாழ்க்கைத்தர அட்டவணையும் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது; அதில் உடை, வேலை, விளையாட்டு, தாம்பத்தியம் வரை கேட்கிறார்கள்.

அவற்றோடு நம்மூருக்கான கேள்விகளை நீங்களே எழுதிக்கொள்ளலாம். எஸ்.பி.எம். பரீட்சையில் விடைத்தாள் நனையாதிருக்க மணிக்கட்டின் கீழே கைக்குட்டை மடித்து வைத்தீர்களா? பூப்பந்து மட்டை வழுக்கியதால் ஆட்டத்தை விட்டீர்களா? வீணைத் தந்தியிலோ வயலின் தந்தியிலோ விரல் நழுவுகிறதென்று வகுப்பை நிறுத்தினீர்களா? பரதம் பயிலும் பெண்ணின் பாதம் பளிங்குத் தரையில் வழுக்குகிறதா? கோயிலில் நீங்கள் நடந்த வழி முழுதும் ஈரத்தடம் தெரிகிறதா? இவ்வூரில் யார் வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே காலணியைக் கழற்றவேண்டும். காலுறை நாற்றத்துக்கு அஞ்சி விருந்துக்குப் போகாமலே இருந்ததுண்டா? இந்தப் பதில்களை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுப்பது, ‘ரொம்ப வேர்க்குதுங்க டாக்டர்’ என்று ஒரு வரி சொல்லுவதைவிட நூறு மடங்கு பயன்படும்.

சிகிச்சைக்கு வருவோம். அது ஏணி போன்றது; கீழ்ப்படியை மிதிக்காமல் மேற்படிக்குத் தாவுகிறவர்களே பின்னால் வருந்துகிறார்கள்.

கீழ்ப்படி, அலுமினியம் குளோரைடு. 20 விழுக்காடு கரைசலாக, டிரிக்ளோர் போன்ற பெயர்களில், மருந்துக்கடையிலேயே கிடைக்கும். அந்த உப்பு வேர்வைக் குழாயின் வாயில் அடைப்பாகப் படிந்து சிலகாலம் நீரைத் தடுக்கிறது. இதை வாங்கிப் பூசி, எரிச்சல் தாங்காமல் ஒரே வாரத்தில் குப்பையில் போட்டவர்களை நான் அநேகம் பேரைப் பார்த்திருக்கிறேன். பிழை மருந்தினுடையதன்று, பூசிய வேளையினுடையது. ஈரமான தோலின்மேல் அலுமினியம் குளோரைடு பட்டால் நீரோடு கூடி அமிலமாகிச் சுடும். நம்மவர் இரவு குளித்துவிட்டு வந்த கையோடு பூசுகிறார்கள். இந்த ஊர்க் காற்றிலோ துவட்டிய உடம்பும் அரைமணி நேரம் ஈரமாகவே இருக்கும். ஆகையால் குளித்து வெகுநேரம் கழித்து, படுக்கப்போகும் முன், மின்விசிறியின் கீழே அமர்ந்து, அல்லது முடி உலர்த்தும் கருவியைக் குளிர்நிலையில் வைத்து, அவ்விடத்தை நன்றாக உலர்த்தியபின் மெல்லியதாகப் பூசவேண்டும். இரவு என்பதற்கும் காரணம் உண்டு: தூக்கத்தில் சுரப்பி ஓய்ந்திருக்க, மருந்து கழுவப்படாமல் உள்ளே தங்குகிறது. காலையில் கழுவிவிடலாம். சவரம் செய்த அன்று அக்குளில் பூசலாகாது. பலன் தெரியும்வரை தினந்தோறும், பிறகு வாரத்துக்கு ஓரிரு இரவு போதும். அக்குளுக்கு இது நன்றாகக் கேட்கும். தடித்த தோலாகிய உள்ளங்கைக்கும் உள்ளங்காலுக்கும் அவ்வளவாகக் கேட்பதில்லை.

கைக்கும் காலுக்கும் உகந்தது அடுத்த படியாகிய அயன்டோஃபோரெசிஸ் என்ற நீர்மின் சிகிச்சை. இரண்டு தட்டுகளில் குழாய்நீர் வைத்து, கைகளை அமிழ்த்தி, 15 முதல் 20 மில்லி ஆம்பியர் அளவுக்கு இலேசான மின்னோட்டத்தை 20 நிமிஷம், அரைமணி செலுத்துகிறார்கள். எறும்பு ஊருவதுபோல் இருக்கும், அவ்வளவே. வாரத்துக்கு மூன்று முறையாகச் சில வாரம் செய்தால் கை உலரத் தொடங்கும். பிறகு வாரத்துக்கு ஒருமுறையாவது தொடரவேண்டும், நிறுத்தினால் பழைய ஈரம் திரும்பிவிடும். கருவியை வாங்கி வீட்டிலேயே செய்பவர்கள் உண்டு. மோதிரம், வளையல் முதலியவற்றைக் கழற்றிவிடுவது அவசியம். காலுக்குச் செய்கையில் மெட்டியையும் கழற்றவேண்டும் என்பதை நம் பெண்களுக்கு எடுத்துச்சொல்ல வெளிநாட்டுக் கையேடுகளுக்குத் தெரியாது, நான் சொல்லிவிடுகிறேன். சிறு கீறல் இருந்தால் அதன்மேல் வாசலின் தடவிக்கொள்ளலாம். கர்ப்பிணிகளுக்கும், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும், மின்னோட்டம் செல்லும் வழியில் உலோகம் பொருத்தப்பட்டவர்களுக்கும் இது ஆகாது.

மூன்றாவது, அசிட்டைல்கோலின் என்ற தூதனையே வழிமறிக்கும் போட்டுலினம் ஊசி. போடாக்ஸ் என்றால் நடிகைகளின் சுருக்கம் நீக்கும் மருந்தென்றே ஜனங்கள் எண்ணுகிறார்கள். கடுமையான அக்குள் வேர்வைக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இலேயே அதற்கு அனுமதி கொடுத்துவிட்டது. அக்குளுக்கு 50 அலகு வீதம் பல புள்ளிகளில் போட்டால் ஒருவாரத்தில் உலர்ந்து, ஏறக்குறைய ஆறு மாதம் நிற்கும். உள்ளங்கையில் போட்டால் வலி அதிகம். சில வாரம் பெருவிரலின் பிடி தளரலாம் என்பதால் தையல்காரரும் இசைவாணரும் யோசித்துச் செய்யவேண்டும். செலவும் திரும்பத் திரும்ப வரும்.

ஆக்ஸிபியூட்டினின், கிளைகோபைரோலேட் போன்ற மாத்திரைகள் உடம்பு முழுவதும் வேர்வையைக் குறைக்கும். கூடவே வாயும் உலரும், மலம் கட்டும், கண் மங்கும். கண்ணழுத்தம் உள்ளவர்களில் சிலருக்கும், சிறுநீர் அடைப்புள்ளவர்களுக்கும் அபாயம். இந்த மண்ணுக்கென்று ஓர் எச்சரிக்கையும் வேண்டும்: வேர்வையை அடியோடு அடக்கிக்கொண்டு உச்சிவெயிலில் கட்டட வேலையோ பந்தாட்டமோ செய்தால் உடற்சூடு வெளியேற வழியின்றி வெப்பத்தாக்கு வரும். மருத்துவர் எழுதிக்கொடுக்காமல் இதைத் தொடக்கூடாது.

கடைசிப் படி அறுவை. மார்புக்குள் சிறு துளை வழியே குழாய் செலுத்திப் பரிவு நரம்புத் தொடரைத் துண்டிப்பது அல்லது கவ்வியால் இறுக்குவது. கை, பெரும்பாலும் அன்றே உலர்ந்துவிடும். கண்விழித்ததும் உலர்ந்த உள்ளங்கையைத் தடவிப் பார்த்து அழுதவர்கள் உண்டு. ஆனால் கைவழி அடைபட்ட நீர் முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும் வழி தேடுகிறது. இதற்கு ஈடுசெய் வேர்வை என்று பெயர். பலருக்கும் ஓரளவு வரும், சிலருக்கு முன்னிருந்ததைவிடக் கொடிதாக வரும், வந்தபின் திருத்துவது மிகக் கடினம். வெப்பமும் புழுக்கமும் அதைக் கூட்டும் என்பதால், பனிநாட்டில் வாழ்பவர் பொறுத்துக்கொள்ளும் அளவு, செராஸில் ஒருநாளைக்கு மூன்று சட்டை மாற்றும் அளவாகிவிடக்கூடும். இந்த அறுவையை மிகுதியாகச் செய்துபார்த்த தைவான், 2004இல் 20 வயதுக்குட்பட்டோருக்கு அதைத் தடைசெய்தது. மகனுக்கு உத்தியோகம் கிடைக்கவேண்டும், கல்யாணம் கூடவேண்டும் என்ற அவசரத்தில் பதினெட்டு வயதுப் பிள்ளையைக் கத்திக்கு அனுப்பும் பெற்றோர் இந்த ஒரு வாக்கியத்தை இருமுறை படிக்கவேண்டும். நான் அறுவைக்கு முழு விரோதியல்லன். மற்றப் படிகளில் ஏறிப் பார்க்காமல் அதைக் கேட்பதற்கு விரோதி.

சிகிச்சை பலிக்கும்வரை வாழ்ந்தாகவேண்டுமே! சாம்பல் நிறச் சட்டையை விலக்குங்கள். ஈரத்தை ஊருக்கே காட்டிக்கொடுப்பதில் அதை மிஞ்சிய நிறமில்லை. வெள்ளையும் கருநீலமும் தேவலை. அதனினும் மேல் பாத்தேக். அரசாங்க ஊழியர் வியாழக்கிழமைகளில் பாத்தேக் அணியவேண்டுமென்ற வழக்கம் உள்ளூர்த் துணிக்கலையை வளர்க்க ஏற்பட்டதுதான். ஆயினும் அந்தப் பூவேலைக்குள் எந்த வேர்வையும் தெரியாது என்பதால், வாரத்தில் அந்த ஒருநாள் மட்டும் கை தூக்கிப் பேசமுடிகிறதென்று சொன்ன ஓர் ஊழியரை நான் அறிவேன். காலுக்கு இரண்டு ஜோடி காலணி வைத்து மாற்றி மாற்றி அணிவதும், பையில் ஒரு காலுறை அதிகம் வைத்திருப்பதும் நல்லது. உள்ளங்காலில் அம்மைத்தழும்புபோல் சிறுசிறு குழிகளும் பொறுக்கமுடியாத நாற்றமும் கண்டால், அது பாக்டீரியாவின் வேலை. களிம்பில் தீரும், காட்டினால் போதும்.

கல்யாணம் நிச்சயமானவர்கள் முன்கூட்டியே திட்டமிடவேண்டும். பாணிக்கிரகணம் என்று ஒரு சடங்கையே வைத்து, ஹோமத்தீயின் எதிரில் உட்காரவைத்து, ஊரார் பார்க்கக் கைபிடிக்கச் சொல்லுகிற மரபு நம்முடையது. நீர்மின் சிகிச்சையை முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம் முன்னமே தொடங்கி விடாமல் தொடர்ந்தால், அல்லது ஊசியை மூன்று வாரம் முன்னே போட்டுக்கொண்டால், மருதாணியும் கலையாமல் பிடிக்கும். இதை எதிர்த்தரப்பிடம் மறைக்கவேண்டியதுமில்லை. நெஞ்சில் ஈரமில்லாதவன் என்பதைத்தான் தமிழில் வசவாகச் சொல்லுகிறோம். கையில் ஈரம் ஒரு சுகவீனம், வசவன்று.

எங்கே போவது? முதலில் வட்டாரத்து அரசாங்க கிளினிக்குக்கு. குடிமக்களுக்கு அங்கே ஒரு வெள்ளிதான் கட்டணம். தைராய்டும் சர்க்கரையும் பார்த்துவிட்டு, தேவையென்றால் தோல் நிபுணருக்குக் கடிதம் கொடுப்பார்கள்; அரசாங்க மருத்துவமனையின் நிபுணர் பிரிவில் ஐந்து வெள்ளி. கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் தோல்நோய்ப் பிரிவு இருக்கிறது. செராஸ்வாசிகளுக்குப் பண்டார் துன் ரசாக்கில் 1997இல் தொடங்கிய பல்கலைக்கழக மருத்துவமனையே கிட்டத்தில் இருப்பது. கான்செலர் துவாங்கு முரிஸ் என்று இன்று பெயர், பழக்கத்தில் எச்.யு.கே.எம். என்றே இன்னும் பலர் சொல்லுகிறார்கள். அங்கே கட்டண விதி வேறாதலால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

போகும் நாளில் ஒன்று செய்யுங்கள். வாழ்நாள் பழக்கத்தால், டாக்டரின் அறைக்கதவைத் திறக்குமுன் கால்சட்டையில் கையைத் துடைக்கத் தோன்றும். துடைக்காதீர்கள். நீர் சொட்டச்சொட்ட அந்தக் கையை மேசைமேல் நீட்டுங்கள். அவர் பார்க்கவேண்டியது அதைத்தான்.